சம்பளம் கேட்காத மாஸ்டர்

சாயங்கால ஷிப்ட் விட்டால் தேவநாதன் கடையில் பரோட்டாவுக்குக் கூட்டம் நெட்டித் தள்ளும். அன்றைக்கென்று பார்த்து மாஸ்டர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். வாட்சப்பில் வந்திருந்த படத்தில் ஒருவன் பரோட்டா வீசிக்கொண்டிருந்தான். கீழே, “கைதேர்ந்த மாஸ்டர், உடனே அழைக்கவும்” என்று ஒரு நம்பர். பெரியவர் தேவநாதன் அந்த நம்பருக்குப் போனைப் போட்டார்.

“ஒரகடம் கூட்ரோட்டுல தேவநாதன் கடை. இன்னிக்கே வர்றியாப்பா?”

“கண்டிப்பா வரேன் ஐயா!”

“அடுப்பாண்ட வெந்து சாவணும். முடியுமா?”

“உங்களுக்காக எதையும் தாங்குவேன்!”

“சம்பளம் இன்னா கேக்கற?”

“சம்பளமா? உங்களுக்கு உழைக்கிறதே போதும் ஐயா!”

தேவநாதன் பட்டென்று போனை வைத்தார். “சம்பளம் வேணாமாம். கல்லாப்பெட்டி மேல கண்ணு வெச்சிக்கினு வர்றான், திருட்டுப் பய!”

டீ குடிக்க வந்த கம்பெனித் தொழிலாளி மாரிராஜ் படத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“பெரியவரே, இது நக்கலுக்குப் போட்ட மீம்லா! ஓட்டுக் கேக்கப் போன எடத்துல பரோட்டா வீசுனாரே, நம்ம தொகுதி வேட்பாளர், அவருதான் இது. நம்பரும் அவருதுதான்!”

அதற்குள் மேளதாளத்தோடு பிரசார வேன் கடைவாசலில் வந்து நின்றது.

தேவநாதன் கல்லாப்பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் சொன்னது சரியாத்தான் கீது. வந்தவன சும்மா அனுப்பாத, ஷிப்ட் கூட்டம் போற வரைக்கும் பரோட்டா வீசச் சொல்லு. பெட்டிய நான் பாத்துக்கறேன்.”