சூலத்துப் பழம்

"அடிப்பாவி தேவகி! அம்மன் பழத்தாலயா குத்துவிளக்கு தேய்ச்சிக்கினு இருக்கே?"

பக்கத்து வீட்டுப் புவனேஸ்வரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கோபம் வராதா பின்னே? ஆடி வெள்ளிக்கு வெள்ளி, தெருமுனை அம்மன் கோயிலில் கால் கடுக்க நின்று, சூலத்தில் குத்திய எலுமிச்சம்பழத்தைப் பூசாரியிடம் கெஞ்சி வாங்கி வருகிறவள் அவள். எல்லாம் தேவகியின் மருமகள் ஜீவிதாவுக்காக. வெறும் வயிற்றில், தோலும் கொட்டையுமாக அதைத் தின்றால் பிள்ளை உண்டாகும் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. ஜீவிதாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம்.

"தோல்தாங்க்கா இது. சாறைப் பிழிஞ்சு தினகரனுக்கு ஜூஸ் போட்டுக் குடுத்துட்டேன். குடிச்சிட்டுப் பட்டுக்கடைக்குப் போயிருக்கான்."

"மொத வாரம் ஊறுகா. போன வாரம் எலுமிச்ச சாதம். இன்னிக்கு ஜூஸு. மூணும் உன் புள்ள வாய்க்குத்தானா? மருமக நாக்குல ஒரு சொட்டு பட்டுதா?"

"வீணாவலையேக்கா."

"நல்லா இருக்குது நியாயம்! பேரப்புள்ள வேணாமா உனக்கு?"

"வேணும்க்கா. ராத்திரி பகலா அதே நெனப்புதான்."

கூடத்தில் ஜீவிதா தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

புவனேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியும் கூடம் வரைக்கும் கேட்டது.

"இவளுக்கு வயிறு தெறக்காதுன்னு முடிவு பண்ணிட்டா, பேசாம வேற பொண்ணு பாரேன். தினகரனுக்கு என்ன கொறச்சல்?"

தேவகி விளக்கைக் கீழே வைத்தாள்.

"அத்தை, வேணாம்... சொல்லாதீங்க." ஜீவிதா எழுந்து ஓடி வந்தாள்.

"நீ சும்மா இரும்மா. உன்னை இப்படிப் பேசறதக் கேட்டுக்கினு இருக்க என்னால முடியாது."

மருமகளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள் தேவகி. கண் கலங்கிவிட்டது.

"அக்கா, பழம் போய்ச் சேர வேண்டிய வயித்துக்குத்தான் போவுது. நேரா குடுத்தா மூஞ்சியத் திருப்பிப்பான்னுதான் ஊறுகாயும் சாதமுமாப் போட்டேன். டாக்டர் மருந்து எழுதினது என் புள்ளைக்கு. அவன் மானம் போவக்கூடாதுன்னு, ஊர் பேச்சையெல்லாம் தான் வாங்கிக்கினு இருக்கறவ இவ!"