ஆறு மணி அரைவேக்காடு

"இவன் வாய் விளங்குமா?" என்று டி.வி.யைப் பார்த்துச் சபித்தார் தலைவரின் மனைவி. "மனுஷன் உடம்புக்கு முடியாம உட்கார்ந்திருக்கார். இன்னிக்கும் இவனுக்கு இவருதான் தீனி."

திரையில் வழக்கமான அந்த விமர்சகர். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து, ஆட்சியில் இருக்கும் தலைவரைக் கிழிகிழி என்று கிழிப்பதுதான் அவருக்குப் பதினோரு வருஷமாக உத்தியோகம். தலைவர் அவருக்கு வைத்திருந்த பெயர் அரைவேக்காடு.

வெறுப்பு என்றால் அப்படியொரு வெறுப்பு. ஆனால் ஆறு மணி ஆகிவிட்டால் தலைவர் வேறு சேனல் பார்க்க மாட்டார். கட்சியின் சொந்தச் சேனலில் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள், அதைப் போட்டாலோ ஐந்து நிமிஷத்தில் கொட்டாவி வந்துவிடும்.

"வெள்ளத்துல இறங்கினா தலைவருக்குச் செருப்பு நனைஞ்சுடுமே" என்று அரைவேக்காடு ஒருநாள் சொன்னார். மறுநாள் விடிந்தும் விடியாமல் தலைவர் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். மந்திரிகள் நாலு பேர் ஒரு வாரமாகக் கெஞ்சியும் நடக்காத காரியம் அது.

அன்றைக்கு வீட்டில் இருந்த பிரச்னை வேறு. தலைவரின் இதயத்தில் மூன்று அடைப்பு. எட்டு மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மறுநாள் காலையில் ஆபரேஷன். விட்டால் டாக்டர் மூன்று வாரம் வெளிநாடு போகிறார், அதுவரை இதயம் தாங்கும் என்று அவர் உத்தரவாதம் தரத் தயாராக இல்லை.

"என்னங்க, சொன்னாக் கேளுங்க. கிளம்பிடலாம்."

"கட்சி மாநாடு முடியட்டும்."

"மாநாட்டுக்கு நீங்க இருக்கணுமில்ல?"

நாலு நாளாக அந்த அம்மா அழுதும் பார்த்தாயிற்று, சாப்பிடாமல் கிடந்தும் பார்த்தாயிற்று. வெளியூரிலிருந்து மகள் போனில் கதறியும் ஆயிற்று. இவர் போய்விட்டால் என் கதி என்ன என்ற பயத்தில் அந்த அம்மா தூங்கியே நாலு நாள் ஆகிறது. மனுஷன் என்னவோ அசைந்து கொடுக்கவில்லை.

திரையில் அரைவேக்காடு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினால் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"போன வாரம் மேடையில தலைவர் மயங்கி விழுந்தார். வெயில்னு கட்சி சொல்லுது. ராத்திரி ஏழரை மணிக்கு ஏதுங்க வெயில்? டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு, தலைவருக்குத்தான் பயம். ரத்தம் எடுக்க வீட்டுக்கு வந்த நர்சைப் பார்த்துட்டு பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாருங்க."

தலைவரின் முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது. பக்கத்தில் நின்ற உதவியாளரை முறைத்தார். "இது எப்படிய்யா வெளிய போச்சு?"

"சத்தியமா நான் இல்லைங்கய்யா."

"அந்த நர்சு வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பாளா?" என்றார் மனைவி. "முதல்ல இவன் மேல ஒரு கேஸைப் போடுங்க."

"கேஸ் இருக்கட்டும். அந்த எழவை ஆஃப் பண்ணு."

அந்த அம்மா ரிமோட்டை எடுத்தார். எந்தப் பட்டனை அழுத்தினாரோ என்னவோ, டி.வி. அணையவில்லை, சத்தம்தான் கூடியது.

"பந்தயம் கட்டுறேன்." அரைவேக்காட்டின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "இந்த மனுஷன் ஆஸ்பத்திரி வாசப்படியை மிதிக்க மாட்டாரு. மிதிச்சுட்டார்னா ஒரு மாசம் நான் இந்த நாற்காலியில உட்காரலை. ஒரு ஊசிக்குப் பயந்து ஓடுறவர் கையில நாட்டைக் குடுத்துட்டு உட்கார்ந்திருக்கோம், நம்மளைச் சொல்லணும்."

தலைவர் எழுந்தேவிட்டார். நாலு நாளாக நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், இப்போது எதையும் பிடிக்கவில்லை.

"யாருக்குப் பயம்? எனக்கா? வண்டியை எடுக்கச் சொல்லுய்யா."

"ஐயா, மாநாடு..." என்று உதவியாளர் இழுத்தார்.

"மாநாடு கிடக்குது. டாக்டருக்குப் போனைப் போடு. ஆஸ்பத்திரி வாசல்ல கேமரா நிக்கணும், அதுவும் அவன் சேனல் கேமரா. நான் படியேறிப் போறதை அந்த அரைவேக்காடு கண்ணால பார்க்கணும்." சட்டையை மாட்டிக்கொண்டே மனைவி பக்கம் திரும்பினார். "நீ துணிமணியை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே வா."

ஐந்தே நிமிஷம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று வண்டிகள் சூழ, தலைவரின் கார் வாசலைத் தாண்டியது. தெருமுனை திரும்புகிறவரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அம்மா, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

டி.வி.யில் விளம்பர இடைவேளை போட்டார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினார். முதல் மணியிலேயே எதிர்முனையில் எடுத்துவிட்டார்கள்.

"கிளம்பிட்டாரு தம்பி. நான் எழுதிக் குடுத்ததைவிட நல்லாவே திட்டினீங்க."