ஜோடி இல்லாத ரவிக்கை

மஞ்சள் ரவிக்கையின் சேலை இஸ்திரி போடும்போது கருகிப் போனது. அன்றிலிருந்து ரவிக்கை பீரோ மூலையில் கிடந்தது. அடுத்தது அடுப்பங்கரைக் கைப்பிடித் துணிதான் என்று அதற்குப் பயம்.

"நான் என் சேலையிலேயே வெட்டித் தைச்சவ. நானில்லாம அது வாசல் தாண்டாது" என்று நீல ரவிக்கை பீற்றிக்கொள்ளும்.

ஒருநாள் காலை அவசரத்தில் நீல ரவிக்கையின் கொக்கி பிய்ந்துவிட்டது. வீட்டுக்காரி பூங்கோதை மஞ்சளை உருவிப் போட்டுக்கொண்டு, நீலச் சேலையோடு வேலைக்கு ஓடினாள்.

"ஊரே சிரிக்கப்போகுது" என்று சேலை வழியெல்லாம் முணுமுணுத்தது.

சாயங்காலம் பீரோவுக்குள் வந்ததும் சேலைக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆறு வருஷமா என்னை உடுத்துறா. இன்னிக்குத்தான் எல்லாரும் புதுசான்னு கேட்டாங்க!"

நீல ரவிக்கை மஞ்சள் ரவிக்கையிடம் மெல்லக் கேட்டது: "அக்கா, மேல்தட்டுல இருக்கிற பச்சைச் சேலைக்கு நான் எடுப்பா இருப்பேனா?"