பெரம்பூர் பக்கம்

விரலை இப்படி மடக்கணும் என்று தன் விரலை மடக்கிக் காட்டினார் பிரதாப்.

அவளும் மடக்கினாள். வேண்டுமென்றே தப்பாக மடக்கினாள்.

ஸ்ட்ரைக்கர் கோணலாகப் போய்க் கட்டையில் முட்டி நின்றது.

"பரவால்ல, போகப் போக வந்துடும்" என்றார். அவர் மேனேஜர். சுற்றி நின்ற டீம் மொத்தமும் சிரித்தது.

நுங்கம்பாக்கத்தில் ஒரு பார். வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை. குடித்துக்கொண்டே விளையாடலாம் என்பதுதான் இங்கே விசேஷம். அலமாரியில் செஸ், லூடோ, கட்டை அடுக்குகிற ஆட்டம். மூலையில் ஒரு கேரம் போர்டு. அதன் நடுவில் யாரோ பீர் கிளாஸ் வைத்த ஈர வட்டம். பவுடர் கேட்டால் வெயிட்டர் சமையலறையிலிருந்து சோளமாவு கொண்டுவந்தார்.

சோளமாவு! கேரம் போர்டுக்கு! அவள் அப்பா பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

வியாசர்பாடியில் அவர்கள் தெருவிலேயே கேரம் கிளப். எட்டு வயதிலிருந்து அவளும் தங்கச்சி எஸ்தரும் அங்கேதான் கிடந்தார்கள். மாவட்டப் போட்டிக் கோப்பைகள் டிவி மேல் இடமில்லாமல் பீரோ மேல் ஏறிவிட்டன.

ஆபீசில் யாருக்கும் தெரியாது. ஆபீசில் அவள் பெரம்பூர் பக்கம்.

அவர்கள் தெருவில் வேலைக்குப் போகிற முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். பெரம்பூர் என்றால் அடுத்த கேள்வி வராது. வியாசர்பாடி என்றால் வரும். ஒரு பெண் கேரம் நன்றாக ஆடினாலும் வரும். எந்த ஏரியாம்மா நீ?

அதனால்தான் இரண்டு வருஷமாக ஆபீஸ் ரெக்கார்டில் பெரம்பூர் அத்தை வீட்டு அட்ரஸ். அதனால்தான் இன்றைக்குக் கோணல் விரல்.

எஸ்தரிடம் மட்டும் வேறு மாதிரி சொல்லிவிட்டாள். எங்க டீமுக்குத்தான்டி ரெஸ்யூம் அனுப்புற. எங்க மேனேஜர் தங்கமான மனுஷன். நம்ம அட்ரஸையே போடு.

தங்கச்சி என்று அவரிடம் சொல்லவில்லை. சிபாரிசில் வந்தவள் என்று நாளைக்கு ஒரு வாய் பேசிவிடக் கூடாது.

பிரதாப் இரண்டு வெள்ளையைப் போட்டார். மூன்றாவது தப்பியது. கிளாஸை எடுத்தார்.

"நம்ம வேகன்சிக்குக் காலைல ஒரு ரெஸ்யூம் வந்துச்சு. எஸ்தர்னு ஒரு பொண்ணு. மார்க்கெல்லாம் செம. அட்ரஸ் பாத்தா வியாசர்பாடி! ஐயோ சாமி, ஆபீஸ் லேப்டாப் எல்லாம் என்னத்துக்கு ஆகும்? தூக்கிப் போட்டுட்டேன்."

"பார்க்கிங்ல என் பைக்கும் இருக்கு சார்" என்றான் அஷ்வந்த்.

எல்லாரும் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள்.

அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவன்கள் சிரித்ததுகூட இல்லை. வாய் அதுபாட்டுக்குச் சிரித்துத் தொலைத்துவிட்டது. த்தூ, என்ன பிறவி நான் என்று இருந்தது.

எஸ்தர் மத்தியானத்திலிருந்து மூன்று மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். என்னக்கா ஆச்சு? பாத்துட்டாங்களா? ஏதாவது சொன்னாங்களா?



டிஷ்யூ எடுத்து ஈர வட்டத்தை அழுத்தித் துடைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விரலைச் சரியாக மடக்கினாள்.

முதல் கறுப்பு விழுந்தது. இரண்டாவது. மூன்றாவதை எதிர்க் கட்டையில் மோதவிட்டுத் தன் பக்கத்துப் பாக்கெட்டுக்கே வரவழைத்தாள்.

அஷ்வந்த் விசில் அடித்தான்.

நாலு. அஞ்சு. லேப்டாப்பாம், லேப்டாப்பு. இந்தா வாங்கிக்கோ. ஆறு.

அவளைப் பெற்றவர் இருபது வருஷமாக ஊரான் வீட்டு ஃப்ரிட்ஜையும் பீரோவையும் வண்டி ஏற்றி இறக்குகிறார். ஒரு ஸ்பூன் காணோம் என்று யாரும் சொன்னதில்லை. ஏழு.

எட்டு.

சிவப்பு. கூடவே கடைசிக் கறுப்பும்.

போர்டில் அவர் வெள்ளைகள் மட்டும் மிச்சம் இருந்தன. விசில் எப்போதோ நின்றிருந்தது.

"ஏய், எங்க கத்துக்கிட்ட இதெல்லாம்?"

"வியாசர்பாடில சார். எஸ்தர் என் தங்கச்சி. என்னைவிட நல்லா ஆடுவா."

அஷ்வந்த் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டான்.

மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தாள். ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தாள், பைத்தியக்காரி.

பிரதாப் சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

"அட லூசு! முதல்லயே சொல்ல மாட்டியா? உன் தங்கச்சின்னு தெரிஞ்சா விட்டிருப்பேனா? திங்கக்கிழமை வரச் சொல்லு. வேலை கன்ஃபார்ம். அட்ரஸை மட்டும் மாத்திடச் சொல்லும்மா. உன்னோட பெரம்பூர் அட்ரஸையே போட்டுக்கட்டும். எதுக்கு வம்பு?"

டீமுக்கு மூச்சு வந்தது. அஷ்வந்த் கை தட்டினான். ட்ரீட் எப்போ என்று யாரோ கேட்டார்கள். பிரதாப் அடுத்த ஆட்டத்துக்குக் காய்களை அடுக்க ஆரம்பித்தார்.

எஸ்தர் டிகிரி முடித்து ஒன்றரை வருஷமாகத் தேடுகிற வேலை. இப்போது தலையை ஆட்டினால் போதும். அவ்வளவுதான், ஒரு ஆட்டு.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"அவ மாத்த மாட்டா சார். திங்கக்கிழமை நான்தான் என் அட்ரஸை மாத்தப் போறேன்."