மழைக்கு ஒரு லீவு

இங்கிலாந்துச் சக்கரவர்த்தி பிறந்தநாள், தீபாவளி, பொங்கல் என்று பிள்ளைகள் விடுமுறை நாட்களை விசாரித்து வந்து ஒப்பித்தார்கள்.

"இனிப் புதுசா ஒரு லீவு நாளை நீங்களே சொல்லுங்க," என்றார் அர்த்தநாரி வாத்தியார்.

"காவேரியில புதுத்தண்ணி வர்ற நாளுங்க," என்றாள் வசந்தாமணி. வாத்தியார் மெச்சினார்.

மாரக்காளும் கை தூக்கினாள். "மழை பேயற நாளைக்கெல்லாம் லீவு உடோணுங்க."

வகுப்பே சிரித்தது. "ஏம்புள்ள, படிக்கக் கசக்குதா?" என்று வாத்தியார் அதட்டினார்.

"இல்லீங்க சாமி. மழை வந்தா ஜன்னலைச் சாத்தீர்றீங்க. வெளியே நிக்கற எனக்குப் பாடம் கேக்கறதில்லீங்க."

சிரிப்பு அடங்கியது. சேரிப் பிள்ளையை உள்ளே உட்கார வைத்தால் ஊரார் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள் என்பது வாத்தியாருக்குத் தெரியும்.

சற்று நேரத்தில் தூறல் விழுந்தது. அவரே எழுந்துபோய், அவள் முகத்தைப் பார்க்காமல், ஜன்னலைச் சாத்தினார்.