எதிர்வீட்டில் வைத்த அரிசி

அவர் இன்னும் கை வைக்கவில்லை.

தட்டில் பாஸ்தா. பக்கத்தில் குழைய வெந்த ராஜ்மா, இரண்டு மக்காச்சோள ரொட்டி. ஆவி வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் மேசையோரம் நின்றாள்.

"இதுல அரிசி உண்டா?" என்றார் அப்பா.

"ஒரு பருக்கை கெடையாதுப்பா."

ஏழு வருடம் ஆயிற்று. அவள் பெர்க்மான்ஸைக் கட்டிக்கொண்ட அன்று, பதிவு ஆபீஸ் வாசலில் அப்பா நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார்: "ஒன் வீட்டு அரிசி ஒரு பருக்கை என் தொண்டையில எறங்காது."

சொன்ன சொல் தவறாதவர் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற மனுஷன்.

கண் ஆஸ்பத்திரிக்குத் தூத்துக்குடி வரும்போதெல்லாம் வீட்டுக்கு வருவார். அதில் குறை வைத்ததில்லை. அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை அவள் மேசையிலேயே பிரித்துச் சாப்பிடுவார். அவள் எதிரே நின்று தண்ணீர் ஊற்றுவாள். தண்ணீருக்குச் சபதம் இல்லை.

அம்மா போய் ஐந்து மாதம்.

இன்று அவர் பையில் பொட்டலம் இல்லை.

வருகிறேன் என்று போன் வந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இட்லி, அரிசி. தோசை, அரிசி. இடியாப்பம், புட்டு, அடை, எல்லாவற்றிலும் அரிசி. மனுஷருக்குத் தின்ன வேறு எதுவுமே கிடைக்கவில்லையா என்று எரிச்சலாக வந்தது. பூரி என்றால் எண்ணெய் ஆகாது. சப்பாத்தி, சர்க்கரைக்காக டாக்டர் எழுதிக்கொடுத்தது. மாத்திரையோடு சேர்த்து அதையும் அவர் மருந்தாகத்தான் விழுங்குவார். ஏழு வருடம் கழித்து ஒரு வாய் சாப்பிடப்போகிற அப்பாவுக்கு உப்புமாவா கிண்டுவது?

பெர்க்மான்ஸ்தான் வழி சொன்னான். கப்பலில் சமையல்காரன். இப்போது எந்தக் கடலில் இருக்கிறானோ. பாஸ்தாவை ஓர் இத்தாலிக்காரனிடமும் ராஜ்மாவை ஒரு மெக்சிகோக்காரனிடமும் கற்றவன். வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தான். வத்தல் மிளகாயை வறுத்து, ஊறவைத்து அரை. பூண்டுக்குக் கணக்குப் பார்க்காதே. ரொட்டி மாவை வெந்நீரில் பிசை. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்:

"உப்பு கொறச்சே போடு. சீஸ்லயே கெடக்கு. மாமாவுக்கு பிரஷர்லா."

மாமா அவனிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

அப்பாவுக்குச் சந்தேகமே வரக்கூடாது என்று, காலையிலேயே அரிசி வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்வீட்டு மரிய புஷ்பம் அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

அப்பா ஒரு பாஸ்தாவை இரண்டு விரலால் தூக்கினார். அதன் ஓட்டை வழியே ஜன்னலைப் பார்த்தார்.

"ஏட்டி, கொடல் அப்பளத்தப் பொரிக்காமலே வச்சிட்டியா?"

வேறு நாளாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

வாயில் போட்டார்.

அவளால் நிற்க முடியவில்லை. அடுக்களைக்குப் போய், துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தாள். திரும்பி வந்தாள். ஃபேனைக் கூட்டினாள். குறைத்தாள். கடிகாரத்தில் ஒன்று ஐம்பது. இரண்டு நாற்பதுக்கு அவருக்குச் சாத்தான்குளம் பஸ்.

ரொட்டியைப் பிய்த்து ராஜ்மாவில் தோய்த்தார். நெற்றியில் வேர்வை பூத்தது. இன்னொரு ரொட்டி. பிறகு கரண்டியை அவரே எடுத்து, ராஜ்மாவை அவரே போட்டுக்கொண்டார்.

அவள் தெருவை வேடிக்கை பார்க்கிறவள் மாதிரி நின்றாள்.

தட்டு காலி.

அவர் எழுந்திருக்கவில்லை.

சாப்பிட்ட கை காயக்கூடாது என்பார். சின்ன வயதில் அதற்காகவே அவளிடம் எத்தனை தடவை எரிந்து விழுந்திருக்கிறார். இப்போது அவர் கை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு விரல் தட்டின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கண் அடுக்களைப் பக்கம் போயிற்று. திரும்பிற்று.

பிடிக்கவில்லையோ. காரம் கூடிவிட்டதோ.

"என்னப்பா வேணும்?"

தட்டைப் பார்த்தே சொன்னார்.

"வயிறு நெறஞ்சிட்டு. ஆனா சாப்ட்ட மாதிரியே இல்ல. கடைசியா ஒரு வாய் மோர்ச்சோறு இருந்தா..."

அவள் செருப்புகூடப் போடவில்லை.

எதிர்வீட்டுக் கதவை உள்ளங்கையால் விடாமல் தட்டினாள். மரிய புஷ்பம் அக்கா பதறிப்போய்த் திறந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு உயிர் வந்தது.

"இதுக்கா இந்தத் தட்டு தட்டுத? வடிச்ச சோறு சூடா இருக்கு. எடுத்துட்டுப் போட்டி."

"வேண்டாம்க்கா. எங்க வீட்டு அரிசிதான் வேணும்."

வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

அப்பா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். கை நன்றாகக் காய்ந்துவிட்டது. கடிகாரத்தில் இரண்டு பதினைந்து.

"பத்தே நிமிஷம்ப்பா. பஸ்ஸ விடாம அனுப்பிருதேன்."



அடுக்களையில் வாளியைத் திறந்தாள். ஒரு வாய் மோர்ச்சோற்றுக்கு அரை உழக்கே மிஞ்சும். அரை உழக்கு அளந்து குக்கரில் போட்டாள். அடிப்பாத்திரத்தில் அரிசி சலசலவென்று விழுந்தது. வாளியை மூடப்போனாள்.

கூடத்தில் அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"ராத்திரிக்கும் சேத்து இன்னும் ரெண்டு ஒழக்கு போடுட்டி."