விடுபட்ட வரி

பிடித்த எண்ணில் தொடங்கி இருபது வரை திரையில் வரவழைக்க ஒரு நிரல் எழுதும்படி வகுப்புக்கு வந்த பெண்களிடம் சொல்லியிருந்தாள் கணினி ஆசிரியை டெல்பின். எல்லோருடைய திரையிலும் இருபது வந்து நின்றுவிட்டது. பூங்கோதையின் திரையில் மட்டும் நான்கு, நான்கு, நான்கு என்று முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தது.

"என்னக்கா, நாலுலயே நிக்குது? ஒண்ணு கூட்டுற வரியை விட்டுட்டீங்க. இப்படியே விட்டா முடியவே முடியாது."

"பரவால்ல மிஸ், ஓடட்டும்."

டெல்பின் ஊருக்குப் புதிது. போன மழையில் ஏரி உடைந்தபோது பூங்கோதையின் பிடியிலிருந்து நழுவிப்போன மகன் இன்பனுக்கு நான்கு வயது என்பது அவளுக்குத் தெரியாது. சிரித்தபடியே குனிந்து ஓட்டத்தை நிறுத்தினாள். விடுபட்ட வரியைத் தட்டி மறுபடி ஓடவிட்டாள். கண்மூடித் திறப்பதற்குள் நான்கு, ஐந்து, ஆறு என்று இருபது வரை வந்துவிட்டது.

பூங்கோதை ஐந்தின் மேல் விரலை வைத்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது. அங்கிருந்து ஒவ்வோர் எண்ணாகத் தொட்டுக்கொண்டே கீழே இறங்கினாள். மீசை அரும்பும் பதினாறில் விரல் கொஞ்சம் தயங்கியது. இருபதுக்குக் கீழே திரை வெறுமையாக இருந்தது.

"ஒரு வரி போட்டாப் போதுமா மிஸ்?" என்றாள்.